ப்ரோப், ப்ரோப்_நியூ, மறுபடியும் ப்ரோப்: லினக்ஸ் ஐடூசி இடைமுகத்தோடு குடும்பம் நடத்தியது

மொபைலுக்கும் மிக்ஸிக்கும் நீண்டகால ரிவ்யூ எழுதுகிறார்கள். நான் வேலைநாள் முழுக்கப் புழங்குவது லினக்ஸ் கெர்னலின் ஐடூசி டிரைவர் இடைமுகம் என்பதால், அதற்கு ஒன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. கெர்னல் இயங்குதளத்தின் மையம், டிரைவர் ஒரு சிப்பை இயக்கும் நிரல், ஐடூசி சிப்புகள் பேசிக்கொள்ளும் கம்பித்தடம். சிப் கிடைத்ததும் கெர்னல் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனைக் கூப்பிடும், அகற்றும்போது ரிமூவைக் கூப்பிடும். இந்த ஃபங்ஷன்களின் வடிவம்தான் இங்கே இடைமுகம்.

எங்கள் போர்டில் பவரைக் கவனித்துக்கொள்ள ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. பிரதான சிப்போடு அது ஐடூசியில் பேசும். அதன் டிரைவர் மெயின்லைனில் (கெர்னலின் அதிகாரபூர்வ சோர்ஸில்) கிடையாது, எங்கள் கிட் களஞ்சியத்தில் தனியாகக் கிடக்கிறது. கெர்னல் 4.9 காலத்தில் எழுதியது, பிறகு 4.19, 5.10, 6.1, 6.6 என்று எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புகளோடு நகர்ந்தது. பழைய போர்டுகள் இன்னும் களத்தில் ஓடுவதால் ஒரே சோர்ஸ் எல்லாவற்றிலும் கம்பைல் ஆக வேண்டும். இந்த ரிவ்யூ அந்தக் கோணத்திலிருந்து எழுதியது. மெயின்லைனுக்குள் இருப்பவருக்கு இதே கதை வேறு மாதிரி தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு மாற்றத்திலும் இடைமுகம் சிறியதாகி இருக்கிறது, பொய்யும் குறைந்திருக்கிறது. அதற்கான செலவில் ஒரு பங்கு எங்களைப் போல வெளியே நிற்பவர்கள் தலையில் விழுந்தது. பெரும்பாலும் அது நியாயம்தான்.

கொஞ்சம் பழைய கதை. ஐடூசி 1982இல் பிலிப்ஸ் உருவாக்கிய இரண்டு கம்பி பஸ். பிசிஐயிலும் யூஎஸ்பியிலும் சாதனமே தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். ஐடூசியில் பொதுவாக அந்த வசதி இல்லை. 0x48இல் பதில் வந்தால் அது வெப்பநிலை சென்சாராக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பழைய லினக்ஸ் டிரைவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகவரிகளையெல்லாம் தாங்களே துழாவிப் பார்த்தன. சில ஐபிஎம் திங்க்பேடுகளில் சென்சார் தேடப் போன இந்தத் துழாவல், உள்ளே இருந்த ஈஈப்ராம் என்ற நினைவகச் சிப்பின் தகவலையே கெடுத்துவிட்டது. 2007இல் 2.6.22இல் டேவிட் பிரவுனெல் கொண்டுவந்த புதிய முறையில் நிலைமை தலைகீழானது: எந்த முகவரியில் என்ன சிப் என்பதைப் போர்டு சொல்லும், டிரைவர் வந்து பொருந்திக்கொள்ளும். பழைய முறையை 2009இல் அகற்றினார்கள். நான் வந்தபோது அந்தப் புழுதி அடங்கியிருந்தது.

4.9இல் எனக்குக் கிடைத்த ப்ரோப் இரண்டு அளவுருக்கள் வாங்கும்: ஒன்று கிளையன்ட் (சிப்பைக் குறிக்கும் ஸ்ட்ரக்சர்), இன்னொன்று ஐடி அட்டவணையில் (டிரைவர் கையாளும் சிப் பெயர்களின் பட்டியலில்) பொருந்திய வரிக்கான பாயின்டர், அதாவது நினைவக முகவரி. எங்கள் போர்டோ டிவைஸ் ட்ரீ போர்டு, எங்கே என்ன சிப் என்பதை ஒரு தரவுக் கோப்பு சொல்லும். 'கம்பாட்டிபிள்' சரத்தை வைத்துத்தான் டிரைவர் பொருந்துகிறது, அந்த இரண்டாவது அளவுருவால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் ஐடி அட்டவணை இல்லாவிட்டால் கோர் (கெர்னலின் பொதுவான ஐடூசி பகுதி) ப்ரோப்பைக் கூப்பிடவே கூப்பிடாது என்பதால் ஒப்புக்கு ஒன்று வைக்க வேண்டியிருந்தது. 4.10 அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அட்டவணையில் பெயர் பொருந்தாதபோது அந்தப் பாயின்டர் 'நல்' (NULL, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆகவே வரும். கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் கைவிட்ட டிரைவர் ஊப்ஸ் (கெர்னல் பிழை) அடித்துப் படுக்கும்.

அதே 4.10இல் ப்ரோப்_நியூ வந்தது: ஒரே அளவுரு, கிளையன்ட் மட்டும். பிறகு வருடக்கணக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. 2022 நவம்பரில் கெர்னல் டெவலப்பர் ஊவே க்ளைனே-கோனிக் 606 பேட்ச் (திருத்தம்) கொண்ட ஒரே தொடரை அனுப்பி மிச்சமிருந்த டிரைவர்களை மாற்ற ஆரம்பித்தார். மாற்றம் முடிந்ததும் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 6.3இல் ப்ரோப்பின் வடிவத்தையே ஒற்றை அளவுருவாக்கி, அதையும் ப்ரோப்_நியூவையும் ஸ்ட்ரக்சருக்குள் ஒரு யூனியனில் போட்டார்கள். பெயர் இரண்டு, இடம் ஒன்று. டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் பழைய பெயருக்குத் திரும்பின, 6.6இல் ப்ரோப்_நியூ காணாமல் போனது. எந்தப் பதிப்பிலும் உள்ளே இருக்கும் எதுவும் உடையவில்லை. வெளியே இருந்த என் டிரைவர் மட்டும் 6.6இல் கம்பைல் ஆகாமல் நின்றது.

ரிமூவ் விஷயம் இதைவிட முக்கியம். 6.0 வரை அது இன்ட், அதாவது ஒரு முழு எண், திருப்பித் தரும். பார்க்கிறவருக்கு, பிழை எண்ணைத் திருப்பினால் அகற்றல் நின்றுவிடும் என்று தோன்றும். நிற்காது. ஜேசிபி வந்து சுவரை இடிக்கும்போது வாடகைக்காரர் 'முடியாது' என்று சொல்வது போலத்தான் அந்த எண். கோர் அதை வாங்கி வைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடரும், பிந்தைய 5.x பதிப்புகளில், ரிமூவ் தோற்றது, பொருட்படுத்தப் போவதில்லை என்று லாகில் ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். இதை நம்பி, சிப்புக்கு அனுப்பும் கடைசிக் கட்டளை தோற்றால் பாதியிலேயே திரும்பிவிடும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். டைமரை நிறுத்தும் வரி அந்த ரிட்டர்னுக்குக் கீழே இருக்கும். நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகு டைமர் அடிக்கும். கெர்னல் எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும், ஆள் மூன்று நாள் தூங்க முடியாது.

6.1இல் ரிமூவ் வாய்டு ஆனது, அதாவது எதையும் திருப்பித் தராது. எஸ்பிஐ (இதுபோன்ற இன்னொரு பஸ்) டிரைவர்களுக்கு 5.18இலேயே ஆகியிருந்தது. எங்கள் பில்டில் பாயின்டர் வகை பொருந்தவில்லை என்ற பிழை வந்தது, நான்கு வரியில் சரிசெய்தேன். ஓடும்போது தெரியாமல் கெடுவதைவிடக் கம்பைல் நேரத்தில் உடைவது எவ்வளவோ மேல்.

ஆகவே என் கோப்பின் அடியில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: 6.1க்குக் கீழே என்றால் ரிமூவ் இன்ட், 6.3க்குக் கீழே என்றால் ப்ரோப்_நியூ, மேலே என்றால் ப்ரோப். அழகு இல்லை, ஆனால் ஓடுகிறது. எரிச்சல் வந்தது வேறு இடத்தில். சிப் விற்பவர் ஒருவர் தந்த கெர்னலில் பதிப்பு எண் பழையதைச் சொன்னது, ஆனால் உள்ளே புதிய பதிப்பின் ஐடூசி ஹெடர் (இடைமுக வரையறைக் கோப்பு) பேக்போர்ட் ஆகியிருந்தது, அதாவது பழையதற்குள் கொண்டுவரப்பட்டிருந்தது. அதனால் இப்போது பதிப்பு எண்ணை நம்புவதில்லை. ப்ரோப்_நியூ என்ற பெயர் ஹெடரில் இருக்கிறதா என்று மேக்ஃபைல் (பில்டை நடத்தும் கோப்பு) கிரெப் செய்து, அதாவது தேடிப் பார்க்கிறது.

குறை சொல்ல வேண்டியதும் உண்டு. டிவைஸ் ட்ரீக்கு ஒன்று, ஏசிபிஐக்கு (பிசிகளில் அதே வேலையைச் செய்யும் முறை) ஒன்று, ஐடிக்கு ஒன்று என்று ஒரே சிப்புக்கு இன்னும் மூன்று அட்டவணைகள். டெர்மினலில் நியூ_டிவைஸ் கோப்புக்கு ஒரு எக்கோ விட்டு சிப்பைச் சேர்க்கும் வசதிக்காகவும் ஐடி அட்டவணையை வைத்திருக்கிறோம். மூன்றிலும் தேடித் தரவை எடுத்துத் தரும் பொதுவான ஃபங்ஷன் பின்னால் வந்தது, நல்லதுதான். ஆனால் அது பாயின்டராகத் திருப்புவதால், உங்கள் சிப் வகைகளின் ஈனம் (enum, வகைகளுக்கு எண் தரும் பட்டியல்) பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் சிப்புக்கும் 'எதுவும் பொருந்தவில்லை'க்கும் வித்தியாசம் தெரியாது. ஈனத்தை ஒன்றில் தொடங்குங்கள், அல்லது சிப்புக்கு ஒரு ஸ்ட்ரக்சர் வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள்.

புதிதாக எழுதுபவர் 6.6 வடிவத்திலேயே எழுதலாம். வளங்களையெல்லாம் டெவ்எம் ஃபங்ஷன்களில் (அகற்றும்போது தானாகவே விடுவிப்பவை) வாங்கினால் பெரும்பாலான சின்ன டிரைவர்களுக்கு ரிமூவே தேவைப்படாது, வாய்டா இன்டா என்ற கேள்வியும் எழாது. என்னுடைய டிரைவரில் 4.9க்கான வரிகள் ஏற்கெனவே போய்விட்டன. 4.19இன் ஆதரவும் 2024 டிசம்பரோடு முடிந்ததால், அந்தப் போர்டுகளை 5.10க்கு நகர்த்திக்கொண்டிருக்கிறோம். 5.10 இருக்கும்வரை இன்ட் ரிமூவுக்கான அந்த நான்கு வரி இருக்கும்.