தராசுக்கு ஒரு வரி: எஃப்டிடிஐ டிரைவரோடு பத்து வருஷத்துக்கு மேல்

காரைக்குடியில் ஓர் ஆச்சியின் பலகாரக் கடை. அங்கே பில் போடும் கம்ப்யூட்டரை 2013இலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ்தான். எலக்ட்ரானிக் தராசு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வழியாக எடையைச் சொல்லும். உள்ளே இருப்பது எஃப்டிடிஐ கம்பெனியின் சிப். ஆனால் தராசு செய்தவர்கள் அதில் தங்களுக்கென்று ஒரு பிராடக்ட் எண்ணைப் பதித்திருந்தார்கள். லினக்ஸின் மையமான கெர்னலில் இந்தச் சிப்போடு பேசும் டிரைவர் ஒன்று உண்டு. அதன் பட்டியலில் அந்த எண் கிடையாது, அதனால் தராசை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அப்போது லினக்ஸில் உபுண்டு 12.04 பதிப்பு. டிரைவரிலேயே வெண்டர் (தயாரிப்பாளர் எண்), பிராடக்ட் என்று இரண்டு மாட்யூல் பாராமீட்டர்கள், அதாவது டிரைவர் ஏறும்போது கொடுக்கும் அமைப்புகள், இருந்தன. டிரைவரை ஏற்றும் மோட்புரோப் கருவியின் அமைப்பில் ஒரு வரி எழுதினேன், தராசு வந்துவிட்டது.

இரண்டாவது தராசு வாங்கியபோதுதான் இடித்தது. அதற்கு வேறு எண். பாராமீட்டரிலோ ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். தேன்குழலை நிறுப்பதா, அதிரசத்தை நிறுப்பதா? கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் 'நியூ ஐடி' என்ற கோப்பு அப்போதே இருந்தது. எத்தனை ஜோடி வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவது தராசை அதில் சேர்த்தேன். முதலாவதைத் தொடவில்லை. சோம்பல்தான்.

2016 தீபாவளிக்கு முன்னால் உபுண்டு 16.04க்கு மாறினேன். மறுநாள் காலையில் ஆச்சி போன். "தம்பி, பழைய தராசு பேச மாட்டேங்குதப்பா." டிரைவர் ஒழுங்காக ஏறியிருந்தது, புதுத் தராசும் ஓடியது. கெர்னல் பதிவைத் துருவினால் வெண்டருக்கும் பிராடக்ட்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி: தெரியாத பாராமீட்டர், கண்டுகொள்ளவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த இரண்டையும் டிரைவரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது சரிதான். செட்டிநாட்டு வீட்டில் வளவு, அதாவது உள் முற்றம், எல்லோருக்கும் பொது, அறை மட்டும் அந்தந்தப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு. ஒரு புள்ளியின் சாமானை வளவு முழுக்கப் பரப்பி வைத்த மாதிரிதான் அந்தப் பாராமீட்டர் இருந்தது. என் மனத்தாங்கல் அது எடுபட்ட விதத்தில்தான். பழைய கெர்னலில் தெரியாத பாராமீட்டர் கொடுத்தால் டிரைவரே ஏறாது. எரிச்சல் வரும், ஆனால் கோளாறு எங்கே என்று உடனே தெரியும். இப்போது முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறது.

பிழைத்தேடலுக்கு இருந்த 'டீபக்' பாராமீட்டரும் போய்விட்டது. அதில் வருத்தமே இல்லை. கெர்னலின் டைனமிக் டீபக் வசதியில் வேண்டிய பதிவு வரியை மட்டும், டிரைவர் ஓடும்போதே திறந்து பார்க்கலாம்.

ஒரு தொல்லை மிச்சம். நியூ ஐடியில் எழுதியது ரீபூட் ஆனால் நிற்காது. இங்கே கரண்ட் போய் வந்தால் கதை முடிந்தது. அதனால் தராசுக்கு ஒன்றாக இரண்டு யூடெவ் விதிகள், அதாவது கருவி தெரிந்ததும் தானாக ஓடும் கட்டளைகள், எழுதி வைத்தேன். அப்புறம் 20.04 வந்தது, 24.04 வந்தது, அந்த இரண்டு வரியை இன்னும் தொடவில்லை.