வாரண்டி காரை எங்கே விடுவது: கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டியே போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அது முழு உண்மை இல்லை. நிறுவனங்கள் வியாபாரத்தில் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் (CCI) 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவு, வெளியே வேலை பார்த்ததற்காக மட்டுமே மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்கிறது. வெளியில் நடந்த தவறான வேலையால் கெட்ட பகுதிக்கு மட்டும் மறுக்கலாம்.

ஆனால் நடைமுறை வேறு. இன்ஜினோ கியர்பாக்ஸோ மக்கர் செய்து கிளெய்முக்குப் போனால், முதலில் பார்ப்பது சர்வீஸ் ரெக்கார்டைத்தான். கம்பெனி சென்டரில் விட்டிருந்தால் தேதி, கிலோமீட்டர் எல்லாம் அவர்கள் கணினியிலேயே இருக்கும். நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ரீகால் வேலையும், அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதும், அங்கேதான், இலவசமாக.

வெளி மெக்கானிக்கிடம் லேபர் குறைவு. அதைவிட எனக்குப் பிடித்தது, வண்டியைத் தொடுகிறவரிடமே நேராகப் பேச முடிவதுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கூடவே உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார்.

சரி, நான் என்ன செய்வேன்? வாரண்டி முடியும்வரை ஷெட்யூல் சர்வீஸ் எல்லாம் கம்பெனியில். முதல் சில சர்வீஸுக்கு எப்படியும் லேபர் இலவசம். டயர், வீல் அலைன்மென்ட், வைப்பர், பிரேக் பேட் போன்றவை வெளியே. வயரிங்கை வெட்டி லைட், ஹாரன் மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயிலை வெளியே மாற்றினால், ஆயில் கிரேடும் கிலோமீட்டரும் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.