ஏற்காடு மலைப்பாதையும் பிக்கப் இன்ஜின் சத்தமும்: டேப்பெட்டா, பேரிங்கா?

சேலத்திலிருந்து உரமும் மளிகையும் ஏற்றிச் சென்று, ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் கொண்டு இறங்கும் பொலிரோ பிக்கப், தோஸ்த், யோதா போன்ற டீசல் வண்டிகளில் இன்ஜின் சத்தம் மாறியதும், உரிமையாளர் முன் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள் வைக்கப்படுகின்றன. டேப்பெட் (வால்வைத் திறக்கும் அமைப்பிலுள்ள சிறு பாகம்) அடிக்கிறது, அதன் இடைவெளியைச் செட் செய்தால் போதும் என்பது ஒன்று. பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக உறை) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது சில மணி நேர வேலை. பின்னது பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைக் கழற்றிக் கிரைண்டிங்குக்கு அனுப்பும் வேலை. இவ்விரண்டுக்கும் நடுவில் டீசலைத் தெளிக்கும் நாஸில், பிஸ்டன், புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) என்று வேறு சிலவும் ஒளிந்திருப்பதால், வண்டியைப் பட்டறையில் நிறுத்தி ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) கேட்டுவிட்டு மட்டும் முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. சூடும் சுமையும் மாறும்போது சத்தம் எப்படி மாறுகிறது என்பதே நம்பத்தக்க சான்று.

டேப்பெட் சத்தம் மெல்லிய, உலோகத்தனமான டிக்டிக் ஒலி. இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து வரும். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) கிராங்கில் பொருந்தும் இடத்திலுள்ள பிக்கெண்ட் பேரிங்கின் தட்டல் கனத்த ஒலி. கீழே, ஆயில் தங்கும் சம்ப் பக்கம் கேட்கும். ஆனால் இரும்பின் வழியே ஒலி எங்கும் பரவும் என்பதால், இடத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலும், நாஸில் அருகிலும், சம்பிலும் மாறி மாறி வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளதுதான். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைவிடத் தாளம் சற்று நம்பகமானது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஐடிலிங் 800 சுற்று என்றால், இடைவெளி கூடிய ஒரு டேப்பெட் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஆறேழு முறை அடிக்கும். பிக்கெண்ட் தட்டல் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் எழக்கூடும் என்பதால் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகக் கேட்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சிலிண்டரில் எரிதலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிகழ்கிறது. ஆகவே நாஸில் கோளாறால் எழும் தட்டலும் டேப்பெட்டின் அதே தாளத்தில்தான் வரும். தாளம் பேரிங்கைப் பிரித்துக் காட்டுமே தவிர, டேப்பெட்டையும் நாஸிலையும் பிரித்துக் காட்டாது.

அங்கேதான் சூடு துணைக்கு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையும், 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் சித்திரை மதியம் சுமையோடு ஓடிவந்து நிற்கும் வண்டியின் சத்தத்தையும் ஒப்பிட வேண்டும். குளிரில் பெரிதாகக் கேட்டு, இன்ஜின் சூடானதும் அடங்கும் தட்டல் பெரும்பாலும் பிஸ்டனுடையது: அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட அதிகம் விரிவதால் சூட்டில் இடைவெளி குறைந்துவிடுகிறது. மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிவும் அப்படித்தான். குளிரில் டிக்டிக் என்று கேட்டுச் சூட்டில் அடைபடும், கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். டீசல் எரிதலின் இயல்பான தட்டலும் குளிரில் கூடும், ஏனெனில் குளிர்ந்த காற்றில் டீசல் தீப்பிடிக்கச் சற்றுத் தாமதமாகி, அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே வீச்சில் எரிகிறது. பேரிங் இதற்கு நேர் எதிர். ஆயில் தடிமனாக இருக்கும் காலையில் அது அமைதியாக இருந்து, ஆயில் சூடேறி இளகியதும் வெளிப்படும். பழைய வண்டி வாங்கச் செல்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது: விற்பவர் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பிஸ்டன் சத்தம் மறைந்திருக்கும், குளிர்ந்த இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டி அணைத்துவிட்டால் பேரிங் சத்தம் மறைந்திருக்கும்.

அடுத்தது சுமை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்து, ஆயில் விளக்கு எரியாமல், தட்டல் கனமாக இல்லாத வண்டியை மட்டுமே இந்தச் சோதனைக்கு அடிவாரம் தாண்டி ஏற்ற வேண்டும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் சுமையோடு இழுக்கும்போது எரிதல் தட்டலும், மேனிஃபோல்ட் கசிவும், கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் ஆழ்ந்த அதிர்வும் உரத்துக் கேட்கும். அதே கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் டீசல் செல்வது நின்றுவிடுகிறது. எரிதல் இல்லாத அந்த நேரத்தில் நாஸில் தட்டல் மறைந்துவிடும், கசிவுச் சத்தமும் தணியும். டேப்பெட்டோ ஏற்றத்தையும் இறக்கத்தையும் பொருட்படுத்தாமல், சுற்றின் வேகத்துக்கேற்ப ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். தேய்ந்த பிக்கெண்ட் தன்னை அதிகம் காட்டிக்கொடுப்பது, மிதித்த காலை எடுக்கும் அந்த நொடியில்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் காலை எடுத்து, வளைந்தபின் மீண்டும் மிதிக்க வேண்டியிருப்பதால், 20 வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. பட்டறை வாசலில் ரேஸ் செய்து பார்ப்பது இதற்கு ஈடாகாது.

இன்ஜின் கணினியின் பிழைகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைப் பற்றிச் சில சொற்கள். அது சத்தத்தைக் கேட்பதில்லை. தேய்ந்த பேரிங்குக்கு அதில் பிழைக் குறியீடு எதுவும் வராது. எனினும் சிஆர்டிஐ இன்ஜினில் (எல்லா நாஸிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் செல்லும் வகை) ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைந்தால் குறை அந்தச் சிலிண்டரின் நாஸில், பிஸ்டன், பிக்கெண்ட் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது; மாறாவிட்டால் டேப்பெட் பக்கம் திரும்பலாம். பழைய மெக்கானிகல் பம்ப் வண்டிகளில் நாஸில் பைப்பின் நட்டைத் தளர்த்தி இதே சோதனையைச் செய்வார்கள். அந்தப் பழக்கத்தை சிஆர்டிஐ வண்டியில் காட்டக் கூடாது: ஐடிலிங்கிலேயே சில நூறு பார் (அழுத்த அலகு), சுமையில் 1,000 பாருக்கும் மேல் அழுத்தம் உள்ள அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

பெல்ட், ஆல்டர்னேட்டர் சத்தமா என்ற ஐயத்தைப் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் இன்ஜினை ஓட்டியே தீர்த்துக்கொள்ளலாம். கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

பேரிங் என்ற ஐயம் வலுத்தால், ஸ்கேனருக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் ஆயில் பிரஷர் கேஜுக்குக் கொடுப்பதே என் தேர்வு. டேஷ்போர்டு விளக்கு, அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும்; அந்த விளக்குக்கான சுவிட்சை இன்ஜினிலிருந்து கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டி, இன்ஜின் நன்கு சூடான நிலையில் அளந்து, கம்பெனி கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். கூடவே ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்க்க வேண்டும். பேரிங்கின் மேற்பூச்சு காந்தத்தில் ஒட்டாது என்பதால், காந்தத்துக்கு எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடைவது தவறு. வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மினுக்கும் துகள்கள்தான் அதன் அடையாளம். தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவது நோயை மறைக்குமே ஒழிய நீக்காது. டேப்பெட் என்று உறுதியானால் கையேட்டு அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் செட் செய்தால் முடிந்தது; ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜினில் செட் செய்ய இடமில்லை, ஆயிலின் தரத்தையும் அழுத்தத்தையும்தான் பார்க்க வேண்டும்.

கனத்த தட்டல் மலைமேலேயே தொடங்கிவிட்டால் இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும். தளர்ந்த கனெக்டிங் ராடு உடைந்தால் பிளாக்கையே துளைத்து வெளியே வரும். அப்போது, இறக்கம்தானே, அணைத்தபடி நியூட்ரலில் உருட்டிக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பும், பவர் ஸ்டீயரிங்கும் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். அணைத்த சில மிதிப்புகளிலேயே பிரேக் கல்லாகிவிடும், கியர் தரும் தடையும் இருக்காது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, ரெக்கவரி வண்டி அடிவாரத்திலிருந்து ஏறி வரும்வரை பிக்கப்பைச் சாலையோரம், சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தி வைக்க வேண்டும்.