பாடாங் செராய் போட்டோஸ்டாட் கடையும் அக்காவின் 555 புத்தகமும்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், நாளைக்கே கடை நடத்தும் அந்த அக்காவிடம் இன்னொரு ஃபாரத்தோடு போய் நிற்க வேண்டியவன் நான். மலேசியாவில், கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பாடாங் செராய்க்காரர்களுக்கு அடையாளம் வேண்டுமென்றால், வாசலில் பழைய பிரிண்டர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துளசிச் செடி வைத்திருப்பார்கள். அது போதும்.

நான் போனது வெறும் ஒரு தாளை போட்டோஸ்டாட் எடுக்கத்தான். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 11 வருடம் வேலை. லைனை மூடப் போகிறோம் என்று சொல்லி, ஆபீசுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மலாயில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா என்று. நான் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை, மனசு எங்கேயோ இருந்தது. அக்கா தாளை மெஷினில் வைக்கப் போனவர் கையை நிறுத்திவிட்டு, "தம்பி, இதுல நீங்களா வேலைய விடுறதா எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றதும்தான் மெஷின் மூடியைச் சாத்தினார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

ஏன் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சம்பளச் சீட்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. என்று ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும், நமக்கு 0.2 விழுக்காடு, முதலாளிக்கு 0.2 விழுக்காடு. என் சம்பளத்துக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். 2018 ஜனவரியில் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டம் அது, பார்ப்பது சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான். ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், வி.எஸ்.எஸ். என்று கம்பெனியே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம் இதற்கெல்லாம் காசு உண்டு. தானாக ராஜினாமா செய்தால் இல்லை, ஒப்பந்தக் காலம் முடிந்து போனாலும் இல்லை, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கினாலும் இல்லை. தொல்லை, மிரட்டல் தாங்காமல் விட்டவர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. ஆக, அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆட்குறைப்பு நட்டஈடும் சேர்த்துத்தான், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்று 1980 விதிமுறை ஒன்று இருக்கிறது. 11 வருடத்துக்கு 220 நாள் சம்பளம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மறுநாள் போய் வேறு கடிதம் வேண்டும் என்று நின்றேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். கூட வேலை செய்த நாலைந்து பேர் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

சரி, கடைக்கு வருவோம். விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில்தான். வேலை போன 60 நாளுக்குள் போட வேண்டும், மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். ஐசி (அடையாள அட்டை), கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு விவரம் இவ்வளவும் கொண்டு போனால் அக்கா உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார். கட்டணம் 15 வெள்ளி. போனில் நானே செய்யலாமே என்று கேட்பவர்கள் செய்யட்டும், நான் இரண்டு ராத்திரி முயன்று ஐசி படத்தை ஏற்றத் தெரியாமல் விட்டவன்.

முதல் மாதம் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, அடுத்து 50, அப்புறம் 40, 40, 30, 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது எவ்வளவு காலம் சந்தா போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது, எனக்கு ஆறு மாதம். 2,600 வெள்ளி கணக்குக்கு முதல் மாதம் 2,080, இரண்டாவது 1,300, அப்புறம் இறங்கிக்கொண்டே போகும். மூன்றாவது மாதத்தில் வீட்டில் மீன் குழம்பு வாரம் ஒரு நாள் ஆகிவிடும், அவ்வளவுதான்.

இப்போது அந்த 555 புத்தகம். கடன் எழுத நம் ஊர் மளிகைக் கடைகளில் வைத்திருப்பார்களே, அதே சின்னப் புத்தகம். எஸ்.ஐ.பி.க்கு யாராவது புதிதாக வந்தால் அக்கா அதில் ஒரு கோடு போடுவார். ஏற்கனவே விண்ணப்பித்துவிட்டு, வேலை தேடிய விவரம் ஏற்ற மறுபடி வருபவருக்கு ஒரு வட்டம். பெயர் எதுவும் எழுதமாட்டார், அது எனக்குப் பிடித்தது. வாரத்துக்கு ஒரு வரி. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் அவருடைய வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடியும்.

நான் வீட்டில் சும்மா இருந்த நாட்களில் யூடியூபில் பொருளாதாரச் செய்தி பார்க்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. எங்கள் லைனில் செய்ததெல்லாம் அமெரிக்காவுக்குப் போகும் சாமான், அங்கே தும்மினால் இங்கே ஓ.டி. (கூடுதல் நேர வேலை) போய்விடும். அந்த நாட்டில் வேலையிழப்புக் காப்புறுதிக்குப் புதிதாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை வியாழக்கிழமைதோறும் அவர்கள் நேரம் காலை எட்டரைக்கு வெளியிடுகிறார்கள், நமக்கு அது இரவு. முந்தின சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தின் கணக்கு. புதிதாக வந்தவர்கள் தனி, தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் தனி, இரண்டாவது கணக்கு ஒரு வாரம் பிந்தி வரும். அட, இது அக்காவின் கோடும் வட்டமும்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த முறை போனபோது புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். தீபாவளி வாரத்தில் இரண்டே கோடு, அடுத்த வாரம் ஒன்பது. அதைப் பார்த்து ஒரே வாரத்தில் வேலைச் சந்தை இடிந்து விழுந்துவிட்டது என்று சொன்னால் அது முட்டாள்தனம். தீபாவளிக்கு யாரும் ஃபாரம் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், முறுக்கு சுடுவார்கள். சீனப் புத்தாண்டுக்கும் இதே கதை. அமெரிக்காவில் இதற்காகத்தான் பண்டிகை, பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்து ஒரு எண் போடுகிறார்கள், நாலு வாரச் சராசரியும் போடுகிறார்கள். அக்காவுக்கு சராசரி எல்லாம் தெரியாது. "ஒரு வாரத்த பாக்காதீங்க தம்பி, ஒரு மாசத்த சேத்துப் பாருங்க" என்றார். வேறென்ன, அதேதான்.

எனக்கு உதறல் எடுத்தது வேறு ஒரு பக்கத்தில். அந்த மாதம் கோடு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, ஆனால் வட்டம் குறையவே இல்லை. புதிதாக அதிகம் பேரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, அதே நேரத்தில் வெளியே நிற்பவர்களை யாரும் உள்ளே எடுக்கவும் இல்லை என்று அர்த்தம். அந்த வட்டங்களில் ஒன்று நான்.

2020 பக்கங்களையும் தேடிப் பார்த்தேன். மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அதற்கப்புறம் புத்தகத்தில் சில மாதம் வெற்றுத் தாள். கடை மூடிக்கிடந்தது, கோடு போட ஆள் இல்லை. அந்த மே மாதத்தில்தான் மலேசியாவின் வேலையில்லா விகிதம் 5.3 விழுக்காடு. அமெரிக்காவில் மார்ச் மூன்றாவது வாரத்தில் மட்டும் ஏறக்குறைய 3.3 மில்லியன் பேர் விண்ணப்பித்தார்கள், அதற்கு முன் இருந்த உச்சமே 1982 அக்டோபரில் 695,000 தான். அங்கே மலை மாதிரி ஏறியிருக்கிறது, அக்காவின் புத்தகத்தில் அந்தக் காலம் வெறும் வெள்ளைத் தாள். அதேபோல அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட என் கூட்டாளிகள் நாலைந்து பேருக்கும் அந்தப் புத்தகத்தில் கோடு கிடையாது. ராஜினாமா செய்தவர்கள் ஆகிவிட்டார்களே. என் அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டம் வீடமைப்புக்குப் போனபோதும் இந்த மாதிரி எந்தக் கணக்கும் இல்லை, நாங்கள் இருந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, காலி பண்ணச் சொன்னார்கள், பண்ணினோம்.

குறைகள். வைஃபை மழை பெய்தால் போய்விடும், என் விண்ணப்பம் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து போட வேண்டி வந்தது, அதற்காக 15 வெள்ளியில் ஒரு காசு குறைக்கவில்லை. தேவையில்லாத பக்கத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்துத் தலையில் கட்டுவார், பக்கத்துக்கு 50 காசு, கேட்டால் "பின்னாடி உதவும்" என்பார். இதுவரை உதவவில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் எப்போது திறப்பார் என்று துளசிக்குத்தான் தெரியும். உட்கார இரண்டே நாற்காலி, நம் சம்பளத்தையும் வேலை போன கதையையும் பின்னால் நிற்பவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு திரையாவது போடலாம் அக்கா.

போன வாரம் புது வேலைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன், லுனாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர் வேலை, சம்பளம் பழையதைவிடக் குறைவு. இரண்டு மாதம்தான் வாங்கியிருந்தேன். அக்கா கால்குலேட்டரை இழுத்து மீதி நாலு மாதத்துத் தொகையைக் கூட்டினார், 3,640 வந்தது. சீக்கிரம் வேலை கிடைத்தவர்களுக்கு மீதியில் 25 விழுக்காடு தருவார்கள், அப்படியானால் 910 வெள்ளி. எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கும் தனி விண்ணப்பம், அதற்கும் 15 வெள்ளி. கொடுத்தேன். புத்தகத்தை எடுத்து அந்த வாரத்து வரியில் எதையோ போட்டார், எட்டிப் பார்த்தேன், கோடும் இல்லை வட்டமும் இல்லை, ஒரு சின்னப் பெருக்கல் குறி. அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது.