மாருதி 800 மீட்டர் போர்டு வெளிச்சம்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்களுடையது 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வீடு சேலம் கோரிமேட்டில், வேலை ஏற்காட்டில். விடியுமுன் ஏறி, இருட்டிய பின் இறங்குகிற நாட்கள்தான் அதிகம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பழைய வண்டியில் கண் அடிக்கடி போக வேண்டியது டெம்பரேச்சர் முள்ளுக்கு. மீட்டர் போர்டு வெளிச்சம் மங்கிப்போனதால், அது எங்கே நிற்கிறது என்று பார்க்க செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன்! இன்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

முதலில் வெள்ளை எல்இடி நான்கு வாங்கி மாட்டினேன். ஒன்று எரியவில்லை. எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஹோல்டரில் திருப்பிப் போட்டதும் எரிந்தது. ஆனால் நீலம் கலந்த அந்த வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டு எதிரொளித்தது. இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால் மறுபடி பழக நேரம் எடுக்கும். பனிமூட்டத்தில் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மூன்றாம் நாளே கழற்றிவிட்டுப் பழைய பல்பையே போட்டேன்.

அப்புறம்தான் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போனேன். "பல்பை விடுங்கண்ணா, கரன்ட் அங்க முழுசா வருதான்னு பாத்தீங்களா?" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.2. ஃபிலமென்ட் பல்புக்கு வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம் முழுக்கத் துரு. சுரண்டிவிட்டுப் புது ஒயர் போட்டு இறுக்கியதும் ஹோல்டரில் 13.4 வந்தது. ஒரு பல்புகூட மாற்றாமல் கிடைத்த வெளிச்சம் இது.

மீட்டரை வெளியே எடுத்த கையோடு உள்ளேயும் பார்த்தோம். (பேட்டரி மைனஸைக் கழற்றாமல் இதில் கை வைக்காதீர்கள்.) பல்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய வெள்ளைச் சுவர், இத்தனை வருடச் சூட்டில் பழுப்பேறிக் கிடந்தது. முள்ளில் படாமல் வெள்ளை பெயின்ட் மெல்லிசாக இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். கடைசியாக, மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி. எண்கள் தெளிவாகத் தெரிகின்றன, கண் கூசவில்லை.

சார்ஜிங் விளக்குக்கு மட்டும் ஃபிலமென்ட் பல்பையே விட்டுவிட்டேன். பல வண்டிகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்க அந்த பல்பு வழியாகப் போகும் கரன்ட்தான் வேண்டும்; எல்இடி வழியாக அவ்வளவு போகாது. டேஷ்போர்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டி என்றால், எல்லா எல்இடியும் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரு எல்இடி மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. அதன் கால்களை லேசாக விரித்து மாட்டிய பிறகு தொந்தரவு இல்லை. பெட்ரோல் முள் இருக்கும் ஓரம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். அடுத்த முறை மீட்டரைக் கழற்றும்போது அந்தப் பக்கம் இன்னொரு கோட் வெள்ளை அடிக்க வேண்டும்.