பக்கத்து வீட்டு நாய், நம் வீட்டுப் பிள்ளை: எந்த வழி எதற்கு உதவும்?

2024 மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தின் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் அல்ல, ஒருவர் வீட்டில் வளர்ந்தவை. அத்தகைய நாய் பக்கத்து வீட்டில் இருந்தால் செய்யக்கூடியவை பல உண்டு. நாளைக் காலை பிள்ளை வாசலில் இறங்கும்போது அந்த நாய் எங்கே இருக்கும் என்ற கேள்வியை வைத்தே அவற்றை எடைபோட வேண்டும்.

பிள்ளையைப் பழக்குவதற்குச் செலவில்லை. நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல் மரம்போல் நிற்கவும், கீழே விழுந்துவிட்டால் சுருண்டு கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளவும் சொல்லித் தரலாம். ஆனால், பாய்ந்து வரும் நாயின் முன் ஐந்து வயதுக் குழந்தை பாடத்தை நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. நம் சுற்றுச்சுவரை உயர்த்துவது இதைவிட உறுதியானது. எனினும் அது தெருவில் காக்காது, தவறு செய்யாத வீட்டின் பணத்தையும் கரைக்கிறது.

அண்டை வீட்டாரிடம் நேரில் பேசுவதே முதலில் செய்ய வேண்டியது. "உங்கள் நாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், "அது ஒன்றும் செய்யாது" என்ற பதில்தான் வரும். கேட்டுக்குத் தானாக மூடும் கொண்டி, வெளியே வரும்போது வாய்மூடி, தடுப்பூசிச் சான்று என்று இன்னது வேண்டும் எனக் கேட்பதே பயன் தரும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைக்குமாறு மட்டும் கேட்க வேண்டாம். அது நாயின் மூர்க்கத்தைக் கூட்டக்கூடும், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கும் முரணாகலாம்.

பேச்சு பலிக்காதபோது, உரிமம் குறித்து மாநகராட்சியில் புகார் செய்யலாம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்பதால் தடுப்பூசி விவரம் வெளிவரும். ஆனால் உரிமம் பெற்ற நாயும் கடிக்கும்.

காவல் நிலையத்தைப் பலரும் கடித்த பிறகே நாடுகிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறும் அலட்சியத்தையே குற்றமாக்குகிறது. காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருப்பினும் தண்டனை உரிமையாளரைத்தான் சேர்கிறது. நாய் அதே திண்ணையில் படுத்திருக்கும்.

அதனால்தான், அதிகம் பேசப்படாத கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வழியை நான் மேலாகக் கருதுகிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ், ஆபத்தான விலங்கை அடைத்துவைக்குமாறு நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். காலம் பிடிக்கும், ஆயினும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டாமல் நாயின் பக்கத்தில் தடுப்பு வைக்கச் சொல்லும் வழி இது. நாய் துரத்திய தேதிகள், கேட் திறந்து கிடக்கும் படங்கள், முன்பு கொடுத்த புகாரின் ரசீது ஆகியவற்றை இணைத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலும் மனுவைக் கொடுக்கலாம். ஆணை வரும்வரை சுவரும் பழக்கமும் துணைக்கு இருக்கட்டும்.

சிலர் கமுக்கமாகச் சொல்லும் விஷ பிஸ்கட் யோசனை ஒப்பீட்டுக்கே உரியதன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.