கொடுக்கு நிமிர வேண்டும்: வீட்டில் வார்க்கும் கிராஃபிஷ் இரைகள், ஓர் ஒப்பீடு

வட அமெரிக்க நன்னீர் மீனான பாஸுக்கு, மென்பிளாஸ்டிக்கில் கிராஃபிஷ் உருவ இரையை வீட்டிலேயே வார்க்கத் தொடங்குகிற எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை ஒன்றுதான்: நிஜப் பிராணியை அப்படியே நகலெடுத்துவிட வேண்டும். எட்டு நடைக்கால், நீண்ட மீசை, ஓட்டின் மேல் இருக்கிற சொரசொரப்பு, வால் விசிறி, எதுவும் விடுபடக் கூடாது. இந்த ஆசைக்கு எதிராக வாதாடத்தான் இதை எழுதுகிறேன். உயிருள்ள கிராஃபிஷ் எப்படி நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் கையால் செதுக்கிய எளிய உருவம், அச்சு அசலான நகலைவிடத் தண்ணீருக்குள் நிஜமாகத் தெரியும். செய்வதும் சுலபம்.

கிராஃபிஷைப் பார்த்திராதவர்களுக்கு: நம் ஊர்ச் சிங்கி இறாலைச் சுருக்கி ஆற்றில் விட்டது போல இருக்கும். நன்னீரில் வாழும். வட அமெரிக்காவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. லூயிசியானாவின் சதுப்பு நிலங்களில் சிவப்பு வகை, ஓசார்க் மலைப்பகுதியின் கல் நிறைந்த ஓடைகளில் பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த வகைகள், வடக்கே பெரிய ஏரிகளில் இப்போது பெருகிக் கிடக்கும் ரஸ்டி கிராஃபிஷ். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று பாஸில் எந்த வகையானாலும் இதை விரும்பித் தின்னும்.

சும்மா இருக்கும்போது கிராஃபிஷ் முன்பக்கமாக மெல்ல ஊர்ந்து போகும். மிரண்டால் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, நின்ற இடத்திலேயே உடம்பைச் சற்று நிமிர்த்தி இரண்டு கொடுக்கையும் உயர்த்திக் காட்டும். இல்லையென்றால் வாலை வயிற்றுப் பக்கம் படீரென்று மடக்கிப் பின்பக்கமாகப் பாயும். அப்போது கொடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடம்புக்குப் பின்னால் இழுபட்டுப் போகும். இரை செய்கிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்த இரண்டு நிலைகளைத்தான். தூண்டில் முள்ளை வால் நுனியில் குத்தி ஏற்றுவதன் காரணமும் இதுதான். தூண்டில் நரம்பு இழுக்கும் திசையில் வால் முன்னே போகும், கொடுக்கு பின்னே வரும்.

இனி போட்டியாளர்களைப் பார்ப்போம்.

முதலாவது, நிஜக் கிராஃபிஷிலிருந்து நேரடியாக எடுத்த நகல். இறந்த கிராஃபிஷைப் பலகையில் ஒட்டி, மேலே சிலிகோன் ஊற்றி அச்செடுப்பார்கள். வெளியே வரும் உருவத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். கண், கணு, ஓட்டின் தழும்பு எல்லாம் இருக்கும். தண்ணீரில் போட்டால்தான் குறைகள் வரிசையாகத் தெரியும். கிராஃபிஷுக்குச் சண்டையில் கொடுக்கு போனால் மறுபடி முளைக்கும், ஆனால் முதலில் சிறியதாகத்தான் முளைக்கும். ஆகவே பிடித்த பிராணியின் இரண்டு கொடுக்கும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த வித்தியாசம் இரையிலும் வந்துவிட்டால் அது இறங்கும்போது சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். வால் விசிறி வேறு தொல்லை. இழுக்கும்போது முன்னே போகிற பகுதி அதுதான் என்பதால் பாசியையும் குப்பையையும் வாரிக்கொண்டு வரும். விரிந்த அந்த வாலில் முள்ளின் கண்ணும் நேராக உட்காராது.

இவற்றைவிடப் பெரிய குறை மார்புப் பகுதியின் பருமன். நிஜக் கிராஃபிஷின் மார்பு உருண்டு திரண்டிருக்கும். டெக்சாஸ் ரிக் முறையில் முள்ளின் நுனியைப் பிளாஸ்டிக்குள் மறைத்து வைக்கிறோம். மீன் கவ்வியதும் கோலைச் சுண்டினால் அந்த நுனி அவ்வளவு பருமனையும் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பாதியில் நின்றால் மீன் போய்விடும். கால்களும் மீசையும் எப்படியும் சரியாக வராது. மெல்லிய குழிகளுக்குள் சூடான பிளாஸ்டிக் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும். வந்தவையும் நாலைந்து வீச்சில் அறுந்துபோகும்.

இரண்டாவது, கடையில் பிரபலமான படபடக்கும் கொடுக்கு வகை. ஸ்ட்ரைக் கிங்கின் ரேஜ் கிராவும் ஜூமின் ஸ்பீட் கிராவும் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றில் கால் இல்லை, அல்லது பேருக்கு நாலு கீற்று இருக்கும். உடம்பு ஒரு உருளை. கொடுக்கு தட்டையாக, ஓரத்தில் மடிப்போடு இருக்கும். இறங்கும்போதும் இழுக்கும்போதும் அந்த மடிப்பில் தண்ணீர் மோதி இரண்டு கொடுக்கும் வேகமாக அடித்துக்கொள்ளும். உயிருள்ள கிராஃபிஷ் அப்படிக் கொடுக்கை அடிப்பதே இல்லை. ஆனாலும் கலங்கிய நீரில் மீன் இரையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உடம்பின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பால் அதிர்வை உணர்கிறது. அங்கே இந்தப் படபடப்புக்கு நிகர் கிடையாது. அந்த மடிப்பின் கோணத்தையும் தடிமனையும் வீட்டில் செதுக்கிக் கொண்டுவருவது மிகக் கடினம். கொஞ்சம் தடித்தால் கொடுக்கு அசையாது, மெலிந்தால் கிழியும். கடை இரையையே மூலமாக வைத்து அச்செடுக்கலாமே என்று தோன்றும். பல வடிவங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது. அடுத்தவர் உழைத்துக் கண்டுபிடித்ததை நகலெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்த வகை வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் என் கட்சி: தானே செதுக்கும் உருவம். களிமண்ணில் மூன்றரை அங்குல நீளம். வால் பக்கம் விசிறியை விட்டுவிட்டு மழுங்கிய முனையாக முடித்துவிடுங்கள், ஆனால் வாலின் வளையங்களைச் செதுக்குங்கள். அந்த வரிகளில் சிறு காற்றுக் குமிழ்கள் தங்கும். அதோடு கவ்விய மீன் துப்பாமல் இன்னும் ஒரு கணம் வைத்திருக்க அந்தச் சொரசொரப்பு உதவுகிறது என்பது என் எண்ணம். மார்பை ஓரளவு மட்டும் பருக்க வைத்து, வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் விடுங்கள். முள் அதற்குள் படுத்துக்கொள்ளும், துளைக்க வேண்டிய பிளாஸ்டிக்கும் குறையும். எட்டுக் கால் வேண்டாம், பக்கத்துக்கு இரண்டு தடித்த கீற்று போதும்.

எல்லா உழைப்பையும் கொடுக்கில் கொட்டுங்கள். கொடுக்கு பருத்திருக்கட்டும், அது உடம்போடு சேரும் கணு மட்டும் மெலிந்திருக்க வேண்டும். அந்தக் கணுதான் இந்த இரையின் உயிர். இழுக்கும்போது கொடுக்குகள் சேர்ந்து பின்னால் போவதும், நிறுத்தியதும் விரிந்து மேலே எழுவதும் அங்கேதான் நடக்கின்றன. மேலே சொன்ன இரண்டு நிலைகளும் ஒரே இழுப்பில் மாறி மாறி வந்துவிடும். முதல் வகை நகலில் கணு நிஜத்தைப் போல இருந்தாலும் இப்படி மடங்காது. உயிருள்ள பிராணிக்கு அங்கே தசை இருக்கிறது, இரைக்கு இல்லை.

உருவத்தைத் தேர்ந்த பிறகு அச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சிலிகோன், அலுமினியம் என்று மூன்று இருக்கின்றன. அலுமினியத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டு பாதியாகக் கடைந்த அச்சு, பிளாஸ்டிக்கை அழுத்தி உட்செலுத்த ஒரு பீச்சான், கண்ணாடி போன்ற பளபளப்பு, சீக்கிரம் ஆறும். பெரும்பாலானவை ஐம்பது டாலரில் தொடங்கி நூறு இருநூறு வரை போகும். உங்கள் சொந்த உருவம் வேண்டுமென்றால் கணினியில் வரைந்து கடையக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் செய்து விற்பவர்களுக்கு அது பொருந்தும். விற்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அமெரிக்காவில் மீன்பிடி இரை செய்து விற்றால் 10 சதவீதம் மத்திய கலால் வரி உண்டு. 1950-ல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குப் போகிறது. நல்ல வரி, தயங்காமல் கட்டலாம்.

பிளாஸ்டருக்கும் சிலிகோனுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. பிளாஸ்டர் மலிவு, ஒரே மாலையில் வார்த்துவிடலாம். ஆனால் அதில் இருக்கிற ஈரம் முழுக்கப் போகாமல் சூடான பிளாஸ்டிக்கை ஊற்றினால் நீராவி கிளம்பி இரை முழுக்கப் பொத்தல் விழும். பல நாள் உலர்த்தி, குறைந்த சூட்டில் ஓவன் அடுப்பில் வைத்து எடுத்து, பிறகு எபாக்சியோ நீர்த்த வெள்ளைப் பசையோ பூசி மூட வேண்டும். பிளாஸ்டரில் குடைவான வடிவங்கள் வராது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. வார்த்த இரை மிருதுவானது, வளைந்து நெளிந்து வெளியே வந்துவிடும். மாட்டிக்கொள்வது கெட்டியான மூல உருவம்தான். மூலத்தைக் களிமண்ணில் செய்தால் அதைச் சுரண்டியே எடுத்துவிடலாம்.

சிலிகோன் விலை கூடுதல். ஆனால் விரல் ரேகை வரைக்கும் பதிவாகும், ஈரத் தொல்லை இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வார்க்கலாம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிளாட்டினம் வகைச் சிலிகோன் கந்தகம் கலந்த களிமண்மேல் பட்டால் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். முப்பரிமாண அச்சுப்பொறியில் ரெசினால் செய்த உருவம் முழுதாக இறுகாமல் இருந்தாலும் அதே கதைதான். கந்தகம் இல்லாத களிமண் வாங்குங்கள், அல்லது தகர வகைச் சிலிகோனுக்குப் போங்கள். முதல் உருவத்தைப் பிளாஸ்டரில் வார்த்துப் பார்த்து, வடிவம் திருப்தியானதும் சிலிகோனுக்கு மாறுவது என் வழக்கம்.

இரண்டு பாதி அச்சா, ஒரு பக்கம் திறந்த அச்சா? இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, திறந்ததுதான். முதுகு கீழே இருக்கும்படி அச்சு, வயிற்றுப் பக்கம் திறந்திருக்கும். வயிறு தட்டையாக வரும், அதனால் நஷ்டமில்லை. கிராஃபிஷ் தரையோடு ஒட்டி வாழ்கிறது, அதன் வயிற்றை மீன் பார்ப்பது குறைவு. தட்டை வயிறு தண்ணீரில் சறுக்கி இறங்கும், தரையில் கவிழாமல் உட்காரும். முள்ளுக்கான பள்ளத்துக்கு மட்டும் ஊற்றிய பின் ஒரு மெல்லிய குச்சியை மேலே படுக்க வைத்துவிடுங்கள்.

திறந்த அச்சைத் தேர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம், இரண்டு விதப் பிளாஸ்டிக்கை ஒரே இரையில் கையாலேயே ஊற்ற முடியும் என்பது. உப்பு சேர்ந்த பிளாஸ்டிக் கனமானது, வேகமாக இறங்கும். உப்பில்லாதது லேசு. கடை இரைகளில் பெரும்பாலும் ஏதோ ஒன்றுதான் முழுக்க இருக்கும். வீட்டில் இரண்டு கோப்பை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் உப்பில்லாமல், நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூள் கலந்து, அதைக் கொடுக்கில் மட்டும் ஊற்றுங்கள். அது ஆறுவதற்குள் உடம்புக்கு உப்புக் கலவையை ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உடம்பு தரையில் கிடக்கும், கொடுக்கு தானாக மேலே எழும். மிரண்ட கிராஃபிஷ் நிற்கிற அதே நிலை. நிஜத்திலிருந்து எடுத்த நகலின் அத்தனை நுணுக்கத்தையும் இந்த ஒரு காட்சிக்காகக் கொடுத்துவிடலாம். உப்பு பிளாஸ்டிக்கைச் சீக்கிரம் கிழிய வைக்கும் என்பது உண்மை, கொஞ்சம் கெட்டிப்படுத்தும் திரவம் சேர்த்தால் சமாளிக்கலாம்.

இதுவரை பிளாஸ்டிக் என்று சொன்னது பிளாஸ்டிசால் என்ற பால் போன்ற திரவம். சுமார் 350 பாரன்ஹீட், அதாவது 177 டிகிரி செல்சியஸ் வந்ததும் தெளிந்து ஓடும். 400 பாரன்ஹீட்டைத் தாண்டினால் மஞ்சளாகிக் கருகும், ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். ஆகவே வெளியிலோ நல்ல காற்றோட்டத்திலோ செய்யுங்கள், முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இதற்கென்று தனி மைக்ரோவேவ் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்குரியது வேண்டவே வேண்டாம். கோப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. சூட்டில் அது வெடித்துத் தெறிக்கும். 1949-ல் ஓஹையோவின் ஆக்ரனில் நிக் கிரீம் முதல் மென்பிளாஸ்டிக் புழுவை வீட்டில்தான் காய்ச்சினார். இன்று நமக்கு வெப்பமானியும் பாதுகாப்பும் கிடைக்கின்றன, பயன்படுத்திக்கொள்வோம்.

நிறத்தில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம். லார்ஜ்மவுத்தின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டே வகை, பச்சைக்கும் சிவப்புக்கும். தெளிந்த நீருக்குப் பூசணிப் பச்சை உடம்பும் ஆரஞ்சு நுனிக் கொடுக்கும். கலங்கிய நீருக்குக் கறுப்பு. டெக்சாஸின் சாம் ரேபர்ன் போன்ற ஏரிகளில் குளிர்காலக் கடைசியில் சிவப்பு. அங்கே பிப்ரவரியில் சிவப்பு இரைதான் எல்லோர் நரம்பிலும் இருக்கும்.

ஆக எங்கே எது? மிசௌரியின் டேபிள் ராக் போன்ற தெளிந்த, கல் நிறைந்த ஏரியில், ஸ்மால்மவுத்துக்கு, சொந்த உருவத்தையே இரண்டரை அங்குலத்துக்குச் சுருக்கி மெதுவாக இழுங்கள். பெரிய கொடுக்குள்ள கிராஃபிஷை விழுங்குவது மீனுக்குச் சிரமம், சிறியதைத்தான் முதலில் எடுக்கும். பாசி அடர்ந்த இடத்தில் 7 முதல் 10 கிராம் டங்ஸ்டன் குண்டோடு மூன்றரை அங்குலம். மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து ஓடும் நீரில் கடையில் வாங்கிய படபடக்கும் வகை. நிஜ நகல் மேசைமேல் அழகாக இருக்கும், அதை எந்த ஏரிக்கும் நான் எடுத்துப்போவதில்லை.

வார்த்து முடித்தவற்றை ஆறும்போது குவித்து வைக்காதீர்கள். எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வளைந்து நின்றுவிடும், மடிந்த கொடுக்கு பிறகு எழாது. தட்டையான தட்டில் ஒவ்வொன்றாக, கொடுக்கை விரித்துக் கிடத்தி ஒரு நாள் விடுங்கள். இசட்-மேன் நிறுவனம் எலாஸ்டெக் என்ற வேறொரு பொருளில் செய்யும் இரைகள் உங்களிடம் இருந்தால் அவற்றோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்த இரண்டு பொருளும் தொட்டுக்கொண்டு கிடந்தால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும்.